ரஃபேலா, சுகோய்-57ஆ, எஃப்-35ஆ: செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் ஓடிய பஞ்சாயத்து

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளுக்கு வாசற்படிதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அக்கா பையனும் அங்கே போய் உட்காருவோம், பேச்சு எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் போர் விமானத்தில் வந்து நிற்கும், மூன்று பேருக்குமே அந்தப் பைத்தியம் உண்டு. மாமா ரஷ்யக் கட்சி, மிக்-21 காலத்திலிருந்தே, இப்போது சுகோய்-57. பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறான், அவனுக்கு அமெரிக்காவின் எஃப்-35 தவிர மற்றதெல்லாம் தகரம். நான் பிரான்ஸின் ரஃபேல். போன வாரம் சண்டை முற்றி, தோற்றவர் மூன்று பேருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயமாகிவிட்டது. யார் தோற்றார் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் என் பக்கத்தை எழுதி வைக்கிறேன்.

கேள்வி இதுதான். நம் விமானப்படைக்கு வெளிநாட்டு விமானம் 114 வாங்குவதென்றால் எதை வாங்குவது?

இது சும்மா பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. 1963இல் சண்டிகரில் சேர்ந்த மிக்-21 அதே சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வு பெற்றது. அதோடு படைப்பிரிவுகள் 29 ஆகிவிட்டன, இருக்க வேண்டியது 42. 2007இல் 126 விமானத்துக்கு டெண்டர் விட்டு, ஆறு விமானங்களைப் பெங்களூரு, ஜெய்சல்மேர் வெயில், லே உயரம் என்று ஓட்டிப் பார்த்து, 2012இல் ரஃபேல் என்று முடிவு செய்து, விலையில் இழுத்து இழுத்து, கடைசியில் 2016இல் 36 மட்டும் வாங்கினோம். 2018இல் மறுபடி 110 என்று ஆரம்பித்து அது 114 ஆனது. பொண்ணு பார்த்தே பத்து வருஷம் போக்கின வீடு மாதிரி.

முதலில் ஒரு விஷயத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்: அதிகபட்ச வேகம். பையன் எப்போதும் அட்டவணையின் முதல் வரியிலேயே விழுந்துவிடுவான். சுகோய்-57 மாக் 2, அதாவது ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம், ரஃபேல் 1.8, எஃப்-35 1.6, நாமே செய்த தேஜஸும் 1.6. ஐம்பதுகளில் வடிவமைத்த மிக்-21 மாக் 2ஐத் தாண்டும், அதற்காக அது எஃப்-35ஐவிட நல்ல விமானமா? அந்த வேகத்தில் பறந்தால் எரிபொருள் சில நிமிஷத்தில் காலி. ஏவுகணை, டேங்க் எல்லாம் தொங்கவிட்டுக்கொண்டு போகும் விமானம் அந்த எண்ணைக் கனவில்கூடத் தொடாது.

பார்க்க வேண்டியது வேறு. எதிரி நம்மை எவ்வளவு தூரத்தில் பார்ப்பான், நாம் அவனை எவ்வளவு தூரத்தில் அடிப்போம், அப்புறம் எஞ்சின் யார் கையில் இருக்கிறது. மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் பேசுவதே இல்லை.

முதல் கேள்விக்கு வந்தால் எஃப்-35க்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது, இதில் பையனோடு எனக்குச் சண்டை இல்லை. 2025 பிப்ரவரியில் அவனைக் கூட்டிக்கொண்டு பெங்களூரு எலஹங்காவில் ஏரோ இந்தியா பார்க்கப் போனேன். எஃப்-35, சுகோய்-57 இரண்டும் ஒரே கண்காட்சிக்கு வந்திருந்த வருஷம் அது, அமெரிக்கனும் ரஷ்யனும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி. வெயிலில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எஃப்-35ஐப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அதன் மூடிகள். சக்கர அறை மூடி, ஆயுத அறை மூடி எதற்கும் நேரான விளிம்பு கிடையாது, ரம்பப் பல் மாதிரி வெட்டியிருந்தது. அந்தப் பற்கள் எல்லாம் இறக்கை விளிம்பு சாயும் அதே கோணத்தில் சாய்ந்திருக்கும்.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது மாமா உடனே பிடித்துக்கொண்டார். கையில் இருந்த கொலுசை டியூப்லைட்டுக்குக் கீழே மெல்லத் திருப்பினார். கொலுசில் முத்துக்கு முத்து கட்டிங் போடுவது எதற்கு? எந்தப் பக்கம் காலை வைத்தாலும் ஏதாவது ஒரு முகம் ஒளியைத் திருப்பிப் பார்ப்பவர் கண்ணுக்கு அனுப்ப வேண்டும், அப்போதுதான் மின்னும். ஸ்டெல்த் விமானம், அதாவது ராடாருக்கு மறைந்து போகும் விமானம், இதற்கு நேர் எதிர். முகங்களை எல்லாம் இரண்டு மூன்று திசைக்கே சாய்த்து வைத்துவிடுவது. வந்த ராடார் அலை அந்தத் திசைகளில் மட்டும் தெறித்துப் போகும், அனுப்பியவனுக்குத் திரும்பாது. "அப்ப இது மின்னாத கொலுசு"ன்னார் மாமா. இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதுதான் பாதிப் பேரை ஏமாற்றுவது. ராடார் பார்க்கும் தூரம், விமானம் ராடாருக்குத் தெரியும் அளவின் நாலாம் மூலத்தைப் பொறுத்தது. அந்த அளவைப் பாதியாகக் குறைத்தால் தூரம் பாதியாகாது, 16 சதவீதம்தான் குறையும். 200 கிலோமீட்டரில் தெரிந்தது 20 கிலோமீட்டரில்தான் தெரிய வேண்டும் என்றால் அளவைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும். அதாவது அரைகுறை ஸ்டெல்த்துக்கு மதிப்பே கிடையாது. முழுசாகச் செய்தால்தான் உண்டு. முழுசாகச் செய்ய ஆயுதத்தை வயிற்றுக்குள் வைக்க வேண்டும், வைத்தால் இடம் போகும். எஃப்-35 உள்ளே வைத்துக்கொண்டு போவது நாலு வான் ஏவுகணை, ரஃபேலுக்கு வெளியே 14 தொங்கும் இடம். எஃப்-35 அவ்வளவு குண்டாக இருப்பதும் இதனால்தான், ஆயுதத்தையும் எட்டு டன்னுக்கு மேல் எரிபொருளையும் அதே வயிறு தாங்குகிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சுகோய்-57ஐப் பாருங்கள். அழகான விமானம், நான் மறுக்கவில்லை. எலஹங்காவில் அது செங்குத்தாக ஏறி, வானத்தில் நின்று, இலை விழுவது மாதிரி திரும்பியபோது கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்தது, நானும்தான். ஆனால் பைலட்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடி உருண்டை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது, வெப்பத்தை வைத்து எதிரியைத் தேடும் கருவி. பின்பக்கம் போனால் இரண்டு எஞ்சினும் வட்ட வட்டமாகத் திறந்து கிடக்கின்றன. எஃப்-35 தன் கருவிகளை எல்லாம் பட்டை தீட்டிய கண்ணாடிக்குள் ஒளித்து வைக்கிறது, இது வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது. முன்னால் இருந்து பார்த்தால் ஓரளவு மறையும், சுற்றிலும் மறையும் என்று நான் நம்ப மாட்டேன். மாமா கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, அப்படியானால் எஃப்-35ஐயே வாங்கிவிடலாமே? 2025 பிப்ரவரியில் டிரம்ப்பே கூப்பிட்டுத் தருகிறேன் என்றாரே? இங்கேதான் பையனுக்குத் துருக்கிக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. துருக்கி எஃப்-35 திட்டத்தின் பங்காளி. வெறும் வாடிக்கையாளர் இல்லை, அதன் பாகங்களைத் தன் தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கில் செய்து கொடுத்த நாடு. ரஷ்யாவிடம் எஸ்-400 என்ற வான் பாதுகாப்பு ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக 2019 ஜூலையில் வெளியே தள்ளிவிட்டார்கள், அதற்கென்று தயாரான விமானங்களைக்கூடக் கையில் கொடுக்கவில்லை. நம்மிடமும் அதே எஸ்-400 இருக்கிறது, 2018இல் ஒப்பந்தம் போட்டு 2021 கடைசியில் இருந்து வந்துகொண்டிருக்கிறது. பங்காளிக்கே அந்தக் கதி என்றால் நமக்கு?

அதோடு அந்த விமானம் பராமரிப்புக்கு எப்போதும் அமெரிக்கக் கம்ப்யூட்டர் அமைப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவிலேயே 2023 கணக்குத் தணிக்கையில், எந்த நேரத்திலும் பணிக்குத் தயாராக இருந்தவை பாதிக்குச் சற்றுமேல், 55 சதவீதம்தான் என்று வந்தது. 2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35பி ஞாபகம் இருக்கிறதா? ஹைட்ராலிக் கோளாறு, ஐந்து வாரத்துக்கு மேல் அங்கேயே நின்றது. இங்கிலாந்திலிருந்து ஆள் வந்து, விமானக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சரி செய்து, ஜூலை 22தான் கிளம்பியது. கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரமே போட்டுவிட்டது, போக மனசில்லை என்கிற மாதிரி. கோளாறு எந்த விமானத்துக்கும் வரும், அதைச் சொல்லி நான் மட்டம் தட்டவில்லை. தொட்டுச் சரி செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த உரிமை விஷயத்தில் மாமா கட்சிக்கு ஒரு பலமான சீட்டு உண்டு, நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று ஆரம்பித்தார்களே, அந்த விமானத்தின் வயிற்றில் இரண்டரை டன் பிரம்மோஸ் ஏவுகணையைக் கட்டியது நாமே. அஸ்திரா ஏவுகணையை மாட்டியதும் நாமே. ரஷ்யன் விமானத்தைக் கொடுத்தபின் நீ என்ன வேண்டுமானாலும் மாட்டிக்கொள் என்று விட்டுவிட்டான், பிரெஞ்சுக்காரன் அப்படி விட மாட்டான். ரஃபேலில் நம் ஏவுகணையைப் பொருத்த வேண்டுமென்றால் அதைச் செய்யும் டஸ்ஸோ கம்பெனி வாசலில் போய் நின்று, காசையும் கட்டிக் காத்திருக்க வேண்டும். இது எனக்கே உறுத்தும் விஷயம்.

ஆனால் சுகோய்-57ஓட பிரச்சினை எண்ணிக்கை. முதல் பறப்பு 2010 ஜனவரியில். ரஷ்யா 76க்கு ஆர்டர் கொடுத்ததே 2019இல், அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான் கைக்கு வருகிறது. முதலில் பறந்தவற்றில் இருந்தது பழைய சுகோய் எஞ்சின் வம்சத்தின் மேம்பட்ட வடிவம், புது எஞ்சின் வரும் வரும் என்று வருஷக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாமும் சேர்ந்து செய்வதாக ஆரம்பித்து, பணமும் போட்டு, 2018இல் வேண்டாம் என்று விலகினோம். சொந்த வீட்டுக்கே சமைத்துப் போட முடியாதவன் கல்யாணச் சமையலுக்கு அச்சாரம் கேட்கிறான்.

இப்போது ரஃபேல். மூன்றில் இதுதான் பார்க்கச் சாதாரணம். ஸ்டெல்த் கிடையாது, ஓரளவு மறைத்திருக்கிறார்கள், மீதியை ஸ்பெக்ட்ரா என்ற மின்னணுப் போர் அமைப்பு பார்த்துக்கொள்ளும். முக்கோண இறக்கை, முன்னால் காக்பிட் பக்கத்தில் குட்டி இறக்கை. முக்கோண இறக்கையில் இடம் அதிகம், எரிபொருள் நிறையப் பிடிக்கும், ஆனால் இறங்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகமாகத்தான் வர வேண்டும். முன்னால் இருக்கும் குட்டி இறக்கை காற்றை ஒழுங்காக்கி அந்தக் குறையைச் சரிக்கட்டும், மெதுவாக இறங்கலாம். கப்பலிலும் இறங்கும் விமானமாக அதை யோசித்ததே அதனால்தான். நம் கடற்படை 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் எம்-முக்குக் கையெழுத்துப் போட்டதும் இந்தக் குணத்துக்குத்தான்.

எஞ்சின் பலத்தை எண்ணில் சொல்கிறேன். ரஃபேலின் எம்88 எஞ்சின் இரண்டும் சேர்ந்து முழு மூச்சில் 150 கிலோநியூட்டன், அதாவது பதினைந்து டன் சொச்சம் தள்ளும். வெறும் விமானம் பத்து டன், உள் எரிபொருள் 4.7 டன். ஆக எடையும் தள்ளும் பலமும் ஏறக்குறைய சமம். தேஜஸ் ஒற்றை எஞ்சின், எட்டரை டன் தள்ளும், எரிபொருளோடு எடை ஒன்பது டன்னைத் தொடும். இந்த வித்தியாசம் சமவெளியில் பெரிதாகத் தெரியாது. 100 சிசி பைக்கில் பின்னால் ஆளை உட்கார வைத்து ஏற்காடு ஏறியவர்களுக்குத் தெரியும், அடிவாரம் வரை ராஜா மாதிரி வரும் வண்டி, ஏழாவது எட்டாவது கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்கி முனகும். ஏற்காடு 1,500 மீட்டர்தான். லே ஓடுபாதை 3,250 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்றில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், இறக்கைக்கும் பிடிமானம் குறையும். அங்கே முழுச் சுமையோடு கிளம்ப வேண்டுமென்றால் பலம் மிச்சம் இருக்க வேண்டும்.

அப்புறம் ரஃபேலில் மாட்டும் மெட்டியோர் ஏவுகணை. இதற்கும் ஏற்காட்டு ரோடுதான் உதாரணம். சாதாரண ஏவுகணையின் மோட்டார் கிளம்பின சில நொடிகளில் எரிந்து தீர்ந்துவிடும், மீதித் தூரம் வீசிய கல் மாதிரி போகும். அடிவாரத்திலேயே முழு மூச்சாக மிதித்துவிட்டு, பதினைந்தாவது வளைவில் நாக்குத் தள்ளும் சைக்கிள்காரன் மாதிரி. அந்த நேரத்தில் எதிரி விமானம் சட்டென்று திரும்பினால் துரத்தத் தெம்பு இருக்காது. மெட்டியோரில் ராம்ஜெட், போகிற வழியில் காற்றை உறிஞ்சி, எரிபொருளை அளந்து எரித்து, இருபதாவது வளைவுக்கும் தம் வைத்திருக்கும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இது உயிர் போகிற வித்தியாசம்.

"மே மாசம் என்னாச்சு மாமா?"ன்னு பையன் என்னை மடக்கினான். நியாயமான கேள்வி. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் நம் தரப்பிலும் விமான இழப்பு உண்டு என்று முப்படைத் தலைமைத் தளபதியே மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார், எத்தனை என்று எண்ணிக்கை சொல்லவில்லை. சீனாவின் பிஎல்-15 ஏவுகணைத் துண்டுகள் பஞ்சாப் வயல்களில் கிடந்ததையும் படத்தில் பார்த்தோம். ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் எஃப்-35 வாங்கு என்பதில்லை. இரண்டு தரப்பும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றே அடித்துக்கொண்ட சண்டையில் ஏவுகணையின் கைநீளமும், யார் முதலில் பார்த்து யாருக்குச் சேதி சொன்னார் என்பதும்தான் முடிவு செய்கின்றன. அந்த இரண்டையும் எந்த விமானத்திலும் மேம்படுத்தலாம், உரிமை கையில் இருந்தால்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஸ்வீடனின் கிரிப்பன் எனக்கு மிகவும் பிடிக்கும், நெடுஞ்சாலையிலேயே இறங்கிக் கிளம்பும், நம் காமலாபுரம் விமான நிலையத்தின் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத ஓடுபாதை அதற்கு மைதானம். ஆனால் அதற்குள் இருப்பது அமெரிக்க எஞ்சின், கடிவாளம் அங்கேதான். ஐரோப்பாவின் டைஃபூன் நல்ல விமானம், 2024 ஆகஸ்டில் சூலூர்ப் பயிற்சிக்குக்கூட வந்தது, ஆனால் நாலு நாடு சேர்ந்து செய்தது, ஒரு ஸ்க்ரூவுக்கு நாலு வாசல் ஏற வேண்டும். அமெரிக்காவின் எஃப்-21 என்பது புதுப் பெயிண்ட் அடித்த எஃப்-16, பாகிஸ்தானிடம் இருப்பதன் தம்பி. வேண்டாம்.

கடிவாளம் என்றேனே, அதன் வலி தேஜஸில் தெரிகிறது. சூலூரில் தேஜஸ் படைப்பிரிவு இருக்கிறது, எனக்கு அந்தக் குட்டி விமானத்தின்மேல் தனிப் பாசம். 2025 நவம்பரில் துபாய்க் கண்காட்சியில் ஒன்று விழுந்து பைலட் இறந்தபோது பட்டறையில் அன்றைக்கு யாரும் விமானப் பேச்சே எடுக்கவில்லை. தேஜஸ் மார்க்-1ஏ 83க்கு 2021இல் ஆர்டர், 2025 செப்டம்பரில் இன்னும் 97. இரண்டாவது ஆர்டர் 62,370 கோடி ரூபாய், வகுத்தால் ஒன்று 640 கோடி சொச்சம். 2016இல் 36 ரஃபேலுக்கு ஏறக்குறைய 59,000 கோடி, ஒன்றுக்கு 1,600 கோடிக்கு மேல். ஆயுதம், உதிரிபாகம், வருஷம் எல்லாம் வேறு வேறு, அப்படியே ஒப்பிடக் கூடாது, இருந்தாலும் மலைப்பு வருகிறதல்லவா? ஆனால் மலிவான விமானம் வந்து சேரவில்லை. அதற்காக 2021இல் ஆர்டர் கொடுத்த 99 அமெரிக்க எஃப்404 எஞ்சினில் முதலாவது வந்தது 2025 மார்ச்சில். உடம்பு தயாராகி உயிருக்காகக் காத்திருந்தது.

நாமே செய்தால் என்ன? செய்து பார்த்தோம். காவேரி எஞ்சின் 1989இல் ஆரம்பித்தது, 2008இல் தேஜஸுக்கு ஆகாது என்று பிரித்துவிட்டார்கள். மாமா மூசையில் வெள்ளி உருக்கும்போது சுமார் 960 டிகிரி. கிட்டே போனால் முகம் பொசுங்கும். ரஃபேல் எஞ்சினில் டர்பைனுக்குள் நுழையும் வாயு 1,570 டிகிரியைத் தாண்டும். அந்தத் தகட்டின் உலோகமே அதற்கு முன்னால் உருகிவிட வேண்டும், ஆனாலும் உருகாமல் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. எப்படி? தகடு முழுவதும் ஒரே படிகமாக வார்த்து, உள்ளே நரம்பு மாதிரி குழாய் விட்டு, மேலே ஊசித் துளை போட்டுக் காற்றைக் கசியவிட்டு, அந்தக் காற்றுப் படலத்தைப் போர்வையாக்கி வைத்திருக்கிறார்கள். "உருகுற சூட்டுக்குள்ளயே வெச்சு உருகாமப் பாத்துக்கறானா?"ன்னு மாமா கேட்டார், ஐம்பது வருஷம் நெருப்போடு இருந்தவர், அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ரஷ்யா கொஞ்சம் விலகி நின்றது. இதைச் செய்யத் தெரிந்த நாடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம், தெரிந்தவன் சொல்லித் தர மாட்டான்.

என் ஓட்டு ரஃபேலுக்கு விழுவது இங்கேதான். அந்த எம்88 முழுக்கப் பிரான்ஸின் சாஃப்ரான் சரக்கு, அமெரிக்காவிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் அடுத்த விமானமான ஆம்காவுக்கு, 25 டன், இரட்டை எஞ்சின், உண்மையான ஸ்டெல்த், சாஃப்ரானோடு சேர்ந்தே எஞ்சின் செய்யப்போவதாக 2025 ஆகஸ்டில் ராஜ்நாத் சிங் சொன்னார். ரஃபேல் உடற்பகுதிகளை ஹைதராபாத்தில் டாடா செய்யப்போகிறது. ஏற்கெனவே 36, கடற்படைக்கு 26, ஆக 62 ரஃபேலுக்குப் பைலட், மெக்கானிக், உதிரிபாகம், பயிற்சி எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அதன் மேலே இன்னும் 114 என்பது புது வீடு கட்டுவதில்லை, மாடி எடுப்பது. பேரத்தில் நான் உட்கார்ந்தால் விமான விலையில் பத்துப் பைசா குறைக்கக் கேட்க மாட்டேன், அந்த ஒற்றைப் படிகத் தகட்டை வார்க்கும் வித்தையையும், நம் ஏவுகணையை நாமே மாட்டும் உரிமையையும் எழுதிக் கொடு என்பேன். இரண்டும் இல்லையென்றால் 114இல் பாதியோடு நிறுத்திக்கொண்டு மீதியைக் காவேரியின் வாரிசுக்குப் போடுவேன்.

எழுதியதைப் பட்டறையில் படித்துக் காட்டினேன். பையன் எஃப்-35 தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை, "வாங்க முடியாதுன்னு சொல்லுங்க, நல்லா இல்லைன்னு சொல்லாதீங்க" என்றான். நான் நல்லாயில்லை என்று எங்கே சொன்னேன்? மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனைதானே, இந்த 114இல் நம் ஊர் லேத் பட்டறையில் கடைந்த ஒரு பொருளாவது போகுமா என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லாததால், தோற்றது நான்தான் என்று இரண்டு பேரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மூன்று செட், பையனுக்கு பீட்ரூட் துருவல் அதிகம், மாமாவுக்குக் காரச் சட்னி தனியாக.